மூன்றாவது அடியில் ஒரு விலகல்

ஜனவரி 6, திங்கள்

இன்று புதிய பணியில் சேர்ந்தேன். ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். எட்டே முக்காலுக்குச் சென்றேன். அலுவலகம் பத்தரைக்குத் திறந்தது.

நான் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலராகப் பணியாற்றிய பொறியியல் கல்லூரி சென்ற ஜூனில் மூடப்பட்டது. ஐம்பது வயதில் இன்னொரு கல்லூரி என்னை ஏற்காது என்பதை ஆறு மாதங்களில் அறிந்துகொண்டேன். இந்த நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனத்தின் உரிமையாளர் செந்தாமரை அக்கல்லூரியின் பழைய மாணவி. அவராகவே தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க மணிச் சத்தத்துக்குப் பயந்து பாத்ரூம்ல உக்காந்து அழுதிருக்கேன் சார். ஒரு நிமிஷம் லேட்டுன்னு என்ற பிரெண்டை வெளியவே நிக்க வெச்சீங்க, ஞாபகம் இருக்குங்களா? அந்த மாதிரி ஒரு ஆளுதான் எனக்கு இப்ப வேணும்."

இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

பணியின் பெயர் ஷோ காலர். மேடையில் எது எந்தக் கணத்தில் நடக்க வேண்டும் என்பதை ஹெட்செட் வழியாக அனைவருக்கும் சொல்பவர். விளக்கு, ஒலி, திரை, கேமரா, எதுவும் அவர் சொல்லாமல் அசையக் கூடாது. பார்வையாளர் ஒருவருக்கும் அவர் இருப்பது தெரியாது. மூன்று மாதம் தகுதிகாண் பருவம்.

மனைவி கோமதியிடம் சொன்னேன். "நல்லதுங்க" என்றாள். கொத்தமல்லி வாங்க மறந்துவிட்டேன் என்பதையும் சொன்னாள்.

ஜனவரி 9, வியாழன்

ஒலிப்பொறியாளர் ஜெரால்டு ஹெட்செட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். காதில் கடுக்கன்.

"பேசோணும்னா இந்தப் பட்டனை அமுக்கோணுமுங்க சார். முதல்ல 'ஸ்டாண்ட்பை'ம்பீங்க. நாங்க விரலை வெச்சுட்டு ரெடியா இருப்போம். அப்புறம் 'கோ'ம்பீங்க, அதைத்தான் கியூன்னுவோம். அது வரைக்கும் மேடையே தீப்புடிச்சாலும் நாங்க தொட மாட்டோம்."

"தீப்பிடித்தால் என்ன செய்வது என்பது அட்டவணையில் உள்ளதா?"

"அதுக்கு ஓடிறதுதானுங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். மதியம் நான் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டதாக எண்ணி, விளக்குப் பிரிவினர் என்னை 'ஹால் டிக்கெட்' என்று குறிப்பிட்டுப் பேசினர். கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கருவியின் முக்கியமான குணம் இதுதான். கேட்பதற்குப் பட்டனை அமுக்கத் தேவையில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கோமதி அடுப்பின் முன் நின்று பாடகி மரகதவல்லியின் ஓடப் பாட்டை முனகிக்கொண்டிருந்தாள். எந்தத் தமிழ் வீட்டிலும் அந்தப் பாட்டு தெரியாதவர் இருக்க மாட்டார். கோமதிக்கு எப்போதும் மூன்றாவது அடியில் சுருதி விலகும். திருமணமான புதிதிலிருந்து சுட்டிக்காட்டி வருகிறேன். சிறு வயதில் நான்காண்டு வயலின் பயின்றவன் என்பதால் எனக்கு உடனே தெரிந்துவிடும். இப்போது கைப்பேசியில் சுருதி காட்டும் ஒரு செயலியும் வைத்திருக்கிறேன். விலகினால் முள் சிவப்புப் பக்கம் சாயும்.

நான் சமையலறைக்குள் சென்றதும் அவளாகவே நிறுத்திவிட்டாள். இரண்டாவது அடியிலேயே.

பொங்கலில் இனிப்பு சற்றுக் குறைவு.

ஜனவரி 20, திங்கள்

நாங்கள் நடத்தப்போவது அதே மரகதவல்லியின் நிகழ்ச்சி என்பது இன்று முறையாக அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி முதல் தேதி கோவையில், பதினைந்தாம் தேதி ஈரோட்டில். அவருக்கு எழுபத்து நான்கு வயது. மேடையேறி ஒன்பது ஆண்டுகளாகின்றன.

அவருடைய மகன் கிரிதரன் கூட்டத்துக்கு வந்திருந்தார். பேச்சு நேரடியாக இருந்தது.

"அம்மாவுக்கு இப்ப மேல் ஸ்தாயி நிக்கலை. ரெண்டு பாட்டு தாண்டினா இருமல். அதனால எல்லாப் பாட்டும் ஸ்டுடியோல துண்டு துண்டா பாட வெச்சு, சரி பண்ணி, டிராக் எடுத்தாச்சு. மேடையில வாயசைச்சா போதும். சம்மதிச்சுட்டாங்க. ஒரே ஒரு கண்டிஷன். கடைசிப் பாட்டு, ஓடப் பாட்டு, அதை மட்டும் நெஜமா பாடணுமாம்."

"பாட முடியுங்களா?" என்று செந்தாமரை கேட்டார்.

"முடியாது. அதை யாரு அவங்ககிட்ட சொல்றது?"

ஆகவே அதற்கும் டிராக் ஒன்று தயாராகிறது. மரகதவல்லியைப் போலவே பாடக்கூடிய ஓர் இளம்பெண் சென்னையில் பாடியிருக்கிறாள். மரகதவல்லிக்கு அது தெரியாது. தெரியவும் வாய்ப்பில்லை என்று ஜெரால்டு விளக்கினார். பாடுபவர் காதில் பொருத்தும் கருவிக்கு அவருடைய சொந்தக் குரலையே அனுப்பலாம், மைதானத்துக்கு டிராக்கை அனுப்பலாம். பாடுபவர் தன் குரலைக் கேட்டபடி மனநிறைவுடன் பாடி முடிப்பார். கூட்டம் வேறொருத்தியைக் கேட்கும்.

"மொதல்ல லைவ்ல விடலாமுங்க. மோசமாப் போச்சுன்னா சார் மாத்திருவாரு" என்றார் செந்தாமரை. "எப்ப மாத்தோணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க சார்."

அளவுகோல் இல்லாத அதிகாரத்தை நான் விரும்புவதில்லை.

ஜனவரி 22, புதன்

விதியை எழுதி முடித்தேன். ஓடப் பாட்டுக்கு இரண்டு வழிகள். வழி ஒன்று, நேரடிக் குரல். வழி இரண்டு, டிராக். முதல் மூன்று அடிகளுக்குள் ஒரு முறை சுருதி விலகினாலும் உடனே வழி இரண்டு.

ஜெரால்டு படித்துப் பார்த்தார். "ஒரே ஒரு வாட்டிங்களா? சின்ன வயசுல பாடுன மரகதம்மாவே இதுல பெயிலாயிருவாங்க சார்."

"தேர்ச்சி மதிப்பெண் வயதுக்கேற்ப மாறுவதில்லை" என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

மைதானத்தில் ஒத்திகை. நடுவிலுள்ள கட்டுப்பாட்டுக் கூடாரத்திலிருந்து முதல்முறையாக முழு அட்டவணையையும் நடத்தினேன். தவறு ஏதும் இல்லை.

ஒரு நிகழ்வைப் பதிவு செய்ய வேண்டும். மரகதவல்லி ஓடப் பாட்டை ஒத்திகை பார்த்தார். மூன்றாவது அடியில் முள் சிவப்புக்குச் சாய்ந்தது. ஒதுக்கிய நேரமும் கடந்துவிட்டது. மேடைக்குப் பேசும் ஒலிபெருக்கியைத் திறந்து, "அம்மா, மூன்றாவது அடியில் சுருதி விலகுகிறது. மேலும் உங்கள் நேரம் முடிந்துவிட்டது" என்று மரியாதையாகவே சொன்னேன்.

அவர் கண்களுக்கு மேல் கையை வைத்துக் கூடாரத்தைப் பார்த்தார். பிறகு மைக்கில், மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "யாருப்பா அது? மணி அடிக்கிற பியூனா?" என்றார்.

நாற்காலி போடுகிறவர்கள் வரை சிரித்தார்கள். கிரிதரன் சிரித்தார். செந்தாமரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

"பியூனய்யா, நான் இந்தப் பாட்டைப் பாடினப்ப நீங்க அரைஞாண் கயித்தோட சுத்திட்டிருந்திருப்பீங்க. மணி அடிக்கிறதை மட்டும் பாருங்க."

நான் அடுத்த கியூவைச் சொன்னேன்.

திரும்பும் வழியில் வீட்டுக்குப் பல்பு வாங்கினேன்.

ஜனவரி 31, வெள்ளி

பியூன் என்பது இழிவான பதவி அன்று. இதைப் பற்றி மேலும் எழுத ஒன்றுமில்லை. ஹெட்செட்டில் இன்று என்னை 'ஹால் டிக்கெட்' என்று யாரும் சொல்லவில்லை. புதிய பெயர் வந்துவிட்டது.

பிப்ரவரி 2, ஞாயிறு

நேற்றைய நிகழ்ச்சி சிறப்பாக நடந்தேறியது. எல்லாக் கியூக்களும் உரிய கணத்தில் அழைக்கப்பட்டன.

கடைசிப் பாட்டைப் பற்றி மட்டும். மரகதவல்லி பச்சைப் பட்டில் மேடையின் நடுவே தனியாக நின்றார். புல்லாங்குழல் மட்டும். பாடத் தொடங்கினார். குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. கூட்டம் அப்படியே அடங்கியது. நாற்காலி நகரும் ஓசைகூட இல்லை.

ஹெட்செட்டில் ஜெரால்டு, "நல்லாத்தான் பாடறாங்க சார். விட்டுருங்க" என்றார்.

மூன்றாவது அடியில் முள் சாய்ந்தது. வழி இரண்டுக்கு 'கோ' சொன்னேன். ஜெரால்டு ஒரு கணம் தாமதித்தார். மீண்டும் சொன்னேன். மைதானத்தில் இளம்பெண்ணின் குரல் நிரம்பியது. மரகதவல்லி கண்களை மூடித் தன் குரலில் தனக்கே பாடிக்கொண்டிருந்தார். முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. அவர் அழுதார்.

கூட்டம் கலைந்தபின், கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது ஜெரால்டு என்னிடம், "அவங்க வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே நீங்க 'ஸ்டாண்ட்பை, வழி ரெண்டு'ன்னு சொல்லிட்டீங்க சார்" என்றார்.

ஸ்டாண்ட்பை என்பது ஆயத்த நிலை மட்டுமே. அதில் தீர்ப்பு எதுவும் இல்லை. அதை அவருக்கு விளக்கினேன்.

நிறுவனம் கொடுத்த அனுமதிச் சீட்டில் கோமதி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். வீட்டு வாசலில், "அந்தம்மா குரல் இன்னும் அப்படியே இருக்குதுங்க. எனக்கு என்னமோ உசுரு வந்த மாதிரி இருக்குது" என்றாள். நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

ஈரோட்டு அட்டவணைக்கு ஒப்புதல் பெறுவதற்காகக் காலையில் மரகதவல்லி தங்கியிருந்த விடுதிக்குச் சென்றேன். அவர் ஜன்னலோரம் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். நான் எதிர்பார்க்கவில்லை.

"உக்காருங்க தம்பி. அன்னைக்குப் பியூன்னு சொல்லிட்டேன். மேடைல ஏறப் போறோம்னாலே எனக்கு ஒரு பயம். யார்மேலயாவது விழுந்து புடுங்குவேன். மனசுல வெச்சுக்காதீங்க."

"எனக்கு அது நினைவிலேயே இல்லை" என்றேன்.

"ஒன்பது வருஷமா வாயத் தொறக்க பயந்துட்டு இருந்தேன். நேத்தும் முந்தாநேத்தும் தூக்கமே வரலை, சந்தோஷத்துல. கேட்டீங்களா, ஒரு இடத்துலகூட கூட்டம் சலசலக்கலையே. எனக்கு இது போதும். இதோட போனாலும் போதும்." அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல்களில் சாம்பார் வாசனை.

ஒருவரைப் பற்றிய தகவலை அவரிடமிருந்தே மறைப்பது முறையன்று. தேர்வு எழுதியவருக்குத் தன் முடிவை அறியும் உரிமை உண்டு என்பதே என் வாழ்நாள் கொள்கை. ஆகவே சொன்னேன். மூன்றாவது அடியோடு அவருடைய குரல் நிறுத்தப்பட்டது, கூட்டம் எழுந்து நின்றது வேறொரு பெண்ணின் குரலுக்கு, எழுத்து வடிவிலான விதி ஒன்றின்படியே இது செய்யப்பட்டது என்பதை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"அது எனக்குத் தெரிவிக்கப்படவில்லை."

"சரி. எங்க கையெழுத்துப் போடணும்?"

காட்டினேன். போட்டார்.

பிப்ரவரி 5, புதன்

கோமதிக்கும் உண்மையைத் தெரிவித்தேன். அவள் கேட்டது யாரோ ஒரு பெண்ணின் குரல் என்று. துணி மடித்துக்கொண்டிருந்தவள் மடித்து முடித்தாள்.

இரவு தலைவலி என்று சொல்லி உள்ளறையில் படுத்துக்கொண்டாள்.

பிப்ரவரி 8, சனி

மரகதவல்லி ஜெரால்டைத் தொலைபேசியில் அழைத்துத் தன் மைக்கில் பதிவான குரலை மட்டும் தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறார். ஜெரால்டு யாரிடமும் அனுமதி பெறாமல் அனுப்பியிருக்கிறார். இது ஒழுங்கீனம் என்று செந்தாமரையிடம் முறையிட்டேன்.

"அவங்களுக்கு யார் சார் சொன்னது, டிராக் போட்டோம்னு?" என்று செந்தாமரை கேட்டார்.

"நான்."

"எதுக்குங்க சார்?"

"உண்மை என்பதால்."

ஜெரால்டு பக்கத்திலிருந்தார். "அந்தம்மா முழுசையும் போன்லயே கேட்டாங்க மேடம். முடிஞ்சதும், 'நல்லாத்தானே பாடியிருக்கேன்?'னு என்கிட்ட கேட்டாங்க. ஆமாங்கம்மான்னேன். வேற என்னங்க சொல்றது, நல்லாத்தான் பாடியிருந்தாங்க."

பிப்ரவரி 14, வெள்ளி

ஈரோடு. ஒத்திகை சுமுகமாக நடந்தது. நாங்கள் அஞ்சிய எதிர்ப்பு எதுவும் இல்லை. மரகதவல்லியே செந்தாமரையை அழைத்து, "கடைசிப் பாட்டையும் டிராக்லயே வெச்சுக்கலாம்மா. எனக்கு முடியலை" என்று சொல்லிவிட்டார். கிரிதரன் தாயின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அட்டவணையைத் திருத்தி, வழி ஒன்றை நீக்கினேன். இப்போது மிகவும் தெளிவாக உள்ளது.

புறப்படும்போது அவர் கூடாரத்தின் பக்கமாக வந்தார். "தம்பி, கடைசிப் பாட்டுல பெரிய திரையில என் முகம் வருமா?"

"இரண்டாம் சரணத்தில் கேமரா மூன்று. நெருக்கக் காட்சி."

"மாத்திட மாட்டீங்களே?"

"அட்டவணையில் உள்ளது மாறாது அம்மா."

"அதான் கேட்டேன்" என்றார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கடைசிப் பாட்டு வரை அனைத்தும் செம்மையாக நடந்தன. மரகதவல்லியின் உதட்டசைவு ஒரு சொல்லிலும் பிசகவில்லை. மைதானம் நிரம்பியிருந்தது. ஓடப் பாட்டின் புல்லாங்குழல் தொடங்கியதும் கூட்டம் கைதட்டியது. டிராக்குக்கு 'கோ' சொன்னேன். இளம்பெண்ணின் குரல் எழுந்தது.

மரகதவல்லி வாயைத் திறக்கவில்லை.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மைக்குக்கு ஒரு முழம் தள்ளி நின்று, நேராகக் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு பாடிக்கொண்டிருந்தது.

"சார், என்ன பண்றாங்க?" என்றார் விளக்குப் பிரிவிலிருந்து ஒருவர்.

"மறந்துட்டாங்க போல."

"மறக்கலை" என்றார் ஜெரால்டு. "சார், நிறுத்திரலாமுங்க. ஏதோ கோளாறுன்னு சொல்லிக்கலாம்."

அட்டவணையில் நிறுத்தும் கியூ இல்லை. முன் வரிசைகளில் சிலர் எழுந்து பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்களுக்கு இன்னும் தெரியவில்லை, கைகளை அசைத்து ரசித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் சரணம் நெருங்கியது.

"ஸ்டாண்ட்பை கேமரா மூன்று."

ஹெட்செட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். "சார், முகம் வேண்டாமுங்க சார்." "வேற ஷாட் குடுங்க, புல்லாங்குழல் வாசிக்கிறவரைக் காட்டறேன்." "யோவ், பியூனு." இறுதியாகச் சொன்னது யார் என்று தெரியவில்லை.

"கேமரா மூன்று, கோ."

கேமராக்காரர் விரலை அழுத்தினார். அவர்களுடைய பயிற்சி அப்படிப்பட்டது. நாற்பதடித் திரை முழுவதும் மூடிய உதடுகள். அதன்மேல் அந்தப் பெண்ணின் இனிய குரல்.

முதலில் யாரோ சிரித்தார். பிறகு பலர். பிறகு விசில், பிறகு தண்ணீர்ப் பாட்டில்கள். "ஏமாத்துறாங்கடா" என்று ஒருவர் அலறினார். கிரிதரன் மேடையோரத்தில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டித் தாயிடம் ஏதோ கத்திக்கொண்டிருந்தார். அவர் அசையவில்லை. திரையில் கண்கள் இமைக்காமல் என்னைப் பார்த்தன. அட்டவணைப்படி அந்தக் காட்சி சரணம் முடியும்வரை நீடிக்க வேண்டும். நீடித்தது.

டிராக் முடிந்தது. மைக்குகளை மூடச் சொன்னேன். மைதான விளக்குகளை எரியச் சொன்னேன்.

அப்போதுதான் மரகதவல்லி மைக்கருகே வந்து பாடத் தொடங்கினார். வாய் அசைவது தெரிந்தது. ஒலி இல்லை. ஒரு தண்ணீர்ப் பாட்டில் அவருடைய தோளில் பட்டுத் தெறித்தது. அவர் நிறுத்தவில்லை.

"மைக்கைத் தொறக்கட்டுங்களா சார்?" என்று ஜெரால்டு கேட்டார். நான் அட்டவணையின் கடைசி வரியைப் பார்த்தேன். "சார், ஒரு வார்த்தை. 'கோ'ன்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்." அவருடைய விரல் பொத்தான்மேல் இருந்தது. நான் சொல்லாமல் அதை அவர் அழுத்த மாட்டார்.

"அட்டவணை முடிந்துவிட்டது" என்றேன்.

மைதானத்துக்கு மூடிய மைக்கும் ஒலிப்பொறியாளரின் ஹெட்போனில் கேட்கும். ஜெரால்டு அதைக் கழற்றி என் காதில் வைத்து அழுத்தினார். கூச்சலுக்கு நடுவே, அந்தக் குரல் மட்டும் மிக அருகில், மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும்படியாக. மூன்றாவது அடியில் சுருதி விலகியது.

அதற்குள் காவலர்கள் மேடையேறி அவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றார்கள்.

தாமதமான கியூ: இல்லை. தவறிய கியூ: இல்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அந்த மூடிய உதடுகள் எல்லாக் கைப்பேசிகளிலும் ஓடுகின்றன. அவற்றின்மேல் வேறு வேறு பாட்டுகளைப் பொருத்திக் கேலி செய்திருக்கிறார்கள். நாய் குரைப்பதைக்கூடப் பொருத்தியிருக்கிறார்கள். மரகதவல்லி இனி மேடையேற மாட்டார் என்று கிரிதரன் அறிவித்துவிட்டார்.

செந்தாமரை அலுவலகச் சாவியை என்னிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டார். "ஒரு வார்த்தை, 'ஸ்டாப்'னு சொல்லியிருந்தா போதும் சார். என்ற கம்பெனி பொழச்சிருக்கும். அந்தம்மாவும் பொழச்சிருப்பாங்க."

"எழுதித் தந்திருந்தால் சொல்லியிருப்பேன்."

"அன்னைக்கு வாசல்ல நின்ன என்ற பிரெண்டும் இதைத்தான் சொல்லி அழுதா. அந்தாளு கண்ணுல நம்ம தெரியவே மாட்டோம்டின்னு."

அந்தப் பெண் யார் என்று இன்னமும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் அழைத்தது. அரசியல் மாநாடுகள் நடத்துகிறவர்கள். "அவ்வளவு ரகளையிலயும் ஒரு கியூவைக்கூட விடாம ஓட்டுனது நீங்கதானே சார்? உங்களை மாதிரி ஆளு கிடைக்கறதில்ல. எங்க தலைவருக்கும் இப்ப தொண்டை சரியில்ல, வெளிய சொல்லிக்காதீங்க." ஊதியம் கூடுதல். ஒப்புக்கொண்டேன்.

செய்தியைச் சொல்லச் சமையலறைக்குச் சென்றேன். கோமதி தோசை வார்த்தபடி ஓடப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். முனகல் அன்று, வாய் திறந்து. என்னைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. மூன்றாவது அடியில் விலகினாள்.

"சுருதி" என்றேன்.

"அது அப்படித்தானுங்க. அந்தம்மா ரிக்கார்டுல பாடினதே அப்படித்தான். அந்த இடத்துல ஓடம் லேசா சாயும். சின்னதுலருந்து ரேடியோவுல கேட்டிருக்கேன்."

"இத்தனை ஆண்டுகளில் ஏன் சொல்லவில்லை?"

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

பழைய இசைத்தட்டின் பதிவு கைப்பேசியிலேயே இருக்கும். செயலியும் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். நான் சரிபார்க்கவில்லை.

கோமதி தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் பாட்டை முதலடியிலிருந்து தொடங்கினாள். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். இரண்டாவது அடி முடிகிறது. கேட்கிறது.